சித்தாள், சும்மாடு, எடுப்பு: கட்டடச் சொற்களில் பெண்கள்

கொத்தனார், பெரியாள், சித்தாள். தமிழ்நாட்டில் சின்னதாக ஒரு வீடாவது கட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்று சொற்களும் தெரியும். சனிக்கிழமை மாலை கூலி எண்ணிக் கொடுப்பது இந்த வரிசையில்தான். மேஸ்திரியின் நோட்டில் எழுதியிருப்பதும் இதே வரிசையில்தான். சில ஊர்களில் பெரியாளை நிமிந்தாள் என்பார்கள், நிமிர்ந்த ஆள். சித்தாள் என்றால் சிற்றாள், சின்ன ஆள்.

சொல்லுக்குள் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. ஒரு பையனும் சித்தாளாக வரலாம், வந்திருக்கிறார்கள். ஆனால் அவன் அங்கே தங்குவதில்லை. செங்கல் எடுத்துக் கொடுப்பான், கலவை போடுவான், கொத்தனார் டீ குடிக்கப் போன நேரத்தில் கரணையை எடுத்து ஒரு வரிசை வைத்துப் பார்ப்பான். சில வருடங்களில் அவனும் கொத்தனார். பதினெட்டு வயதில் அதே இடத்துக்கு வந்த பெண் ஐம்பத்தெட்டு வயதிலும் சித்தாள்தான். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவர் சின்ன ஆள். அவர் கண் முன்னால் கரணை பிடிக்கக் கற்ற பையன்கள் அவருக்கே வேலை ஏவுவார்கள். சித்தாள் என்பதை ஒரு வேலையின் பெயராகவே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடைமுறையில் அது ஒரு படியின் பெயர், ஆண்கள் ஏறிக் கடந்துபோகும் படி. பெண்களுக்கு அதுவே மாடி.

பேச்சிலும் இது தெரியும். "கொத்தனார் வந்துட்டாரா?" என்று கேட்கும் அதே வாய் அடுத்த மூச்சில் "சித்தாள் வந்துச்சா?" என்று கேட்கும். முன்னவருக்கு 'ஆர்' விகுதி பெயரிலேயே சேர்ந்திருக்கிறது, வினைமுற்றிலும் மரியாதை. பின்னவருக்கு அஃறிணை. கேட்பவர் பெண்ணாக இருந்தாலும் இப்படித்தான். வீட்டுக்கார அம்மாக்களாகிய நாமும் இந்த இலக்கணத்தைப் பிசகாமல் கடைப்பிடித்து வந்திருக்கிறோம்.

கருவிகளின் பெயர்களைப் பாருங்கள். கரணை, ரசமட்டம், மூலமட்டம், தூக்குக்குண்டு, மட்டப்பலகை, மணியாஸ் கட்டை, நூல். இவை கொத்தனாரின் பையில் இருப்பவை. இவற்றில் பெரும்பாலானவை அளக்கும் கருவிகள்: சுவர் நேராக நிற்கிறதா, மூலை சரியாக மடங்குகிறதா, தரை மட்டமாக இருக்கிறதா என்று சொல்பவை. சித்தாளுக்கு உரியவை பாண்டு, கூடை, குடம், மண்வெட்டி, சும்மாடு. இவை சுமக்கவும் அள்ளவும் மட்டுமே. சும்மாடு என்பது பழைய சேலைத் துணியைச் சுருட்டித் தலையில் வைப்பது. அதைக் கடையில் வாங்க முடியாது, ஒப்பந்தக்காரரும் தருவதில்லை. கட்டடத் தொழிலில் தொழிலாளியின் சொந்த உடுப்பிலிருந்து செய்யப்படும் கருவி இது ஒன்றுதான். அதற்கு அடியில் இருக்கும் தலையைக் கருவி என்று யாரும் கணக்கெழுதுவதில்லை.

எவ்வளவு சுமக்கிறார்கள் என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குலக் கனத்தில் தளம் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 416 கன அடி, அதாவது 12 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2.4 டன் என்றால் மொத்தம் சுமார் 28 டன். ஒரு பாண்டுக்கு 15 கிலோ என்று குறைத்தே கணக்கிட்டாலும் ஏறத்தாழ 1,900 பாண்டு. தளம் போடுகிற அன்றைக்கு வேலையை நடுவில் நிறுத்த முடியாது, கலவை இறுகிவிடும். காலையில் தொடங்கினால் முடியும்வரை கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கலவை இயந்திரமும் தூக்கியும் வந்த பின்னும் சிறு கட்டடங்களில் இந்த 1,900 பாண்டில் பெரும்பகுதி தலைவழியாகவோ கைவழியாகவோதான் ஏறுகிறது. இந்த வேலைக்குத் தொழில்துறை வைத்திருக்கும் பெயர் 'திறனற்ற உழைப்பு'.

திறன் என்று எதைச் சொல்வது என்பதில்தான் வரலாறு இருக்கிறது. சென்னையின் பழைய வீடுகளிலும் அரசுக் கட்டடங்களிலும் 'மெட்ராஸ் டெரஸ்' என்று ஒரு கூரை உண்டு. தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்புவார்கள். பிறகு அதை இடிக்க வேண்டும். பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் இடிப்பார்கள். வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து இடிப்பார்கள். எல்லாக் கையும் ஒன்றாக இறங்க வேண்டும் என்பதால் பாட்டோடு இடிப்பார்கள். அவசரப்பட்டு நிறுத்தினால் மழைக்காலத்தில் ஒழுகும்.

எப்போது நிறுத்துவது? பொறியியல் கையேடுகள் சொல்லும் சோதனை எளிமையானது: மரக்கட்டை கலவையில் பதியாமல் துள்ளித் திரும்ப வேண்டும். அந்தத் துள்ளலை முதலில் உணர்வது கட்டையைப் பிடித்திருக்கும் கை. சத்தம் மாறுவதை முதலில் கேட்பது பக்கத்தில் குந்தியிருக்கும் காது. ஒரு கூரை ஒழுகுமா ஒழுகாதா என்பதைத் தீர்மானிக்கும் அறிவு அந்தப் பெண்களின் மணிக்கட்டில் இருந்தது. ரசமட்டத்தைவிட இது எந்த வகையில் குறைவு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ரசமட்டம் பார்ப்பவருக்குப் பெயர் இருக்கிறது. துள்ளல் பார்த்தவருக்கு இல்லை; அவரும் சித்தாள்தான். பெயர் இல்லாத திறன் போனால் போனது யாருக்கும் தெரியாது. இரும்புக்கம்பியும் சிமெண்டும் வந்தபோது மெட்ராஸ் டெரஸ் போயிற்று. கான்கிரீட் தளத்தின் மேல் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிப்பதில் அந்த இடிப்பு கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்தது, அதுவும் தேய்ந்தது. கொத்தனாருக்குச் சுண்ணாம்பு போய்ச் சிமெண்ட் வந்தது, கரணை கையிலேயே இருந்தது. பெண்களுக்குக் கட்டை போய்விட்டது, பாண்டு மட்டும் மிஞ்சியது. பெண்கள் எந்நாளும் சுமக்க மட்டுமே செய்தார்கள் என்று இன்று யாராவது சொன்னால், அந்த எந்நாளும் சிமெண்டுக்குப் பிற்பட்டது என்று நினைவூட்டலாம்.

மேஸ்திரி என்ற சொல் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. ஜன்னல், சாவி, வராந்தா எல்லாம் வந்த அதே கப்பல். 'மெஸ்த்ரே' என்றால் தொழிலில் தேர்ந்தவர், ஆசான். அந்த மொழியில் அதற்குப் பெண்பால் உண்டு, 'மெஸ்த்ரா'. ஆண்பாலை மட்டும் இறக்கிக்கொண்டு பெண்பாலைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம். அதற்காகப் போர்த்துக்கீசியரைக் குற்றம் சொல்ல முடியாது. மயமதம் போன்ற நம் சிற்ப நூல்களில் வரும் ஸ்தபதி, சூத்ரகிராஹி, வர்த்தகி, தட்சகன் என்ற நால்வரும் ஆண்களாகவே சொல்லப்படுகிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இந்த விஷயத்தில் வியப்பானவை. கோயிலைச் சமைத்த பெருந்தச்சனின் பெயர் அவற்றில் இருக்கிறது: குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சன். பெண்களின் பெயர்களும் இருக்கின்றன, அதுவும் ஏராளமாக. கோயிலுக்குக் கொடை தந்த அக்கன் குந்தவை, அரசியர், அவர்களுக்குப் பின் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். இந்த நானூறு பேரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்றுகூடக் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் நானூறு பெண்களுக்குக் கதவிலக்கம் போட்டு எழுதத் தெரிந்த ஓர் அரசு, மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. எழுதும் வசதி இல்லாமல் விடுபட்ட பெயர்கள் அல்ல அவை. பெண்கள் பொதுவாக மறைக்கப்பட்டார்கள் என்றும் இங்கே சொல்லிவிட முடியாது. கொடுத்த பெண்களும் ஆடிய பெண்களும் கல்லில் ஏறினார்கள். சுமந்தவர்கள் ஏறவில்லை.

வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும்போது அதே கல்வெட்டுகள் குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் கம்மாணச்சேரியையும் ஒரே மூச்சில் சொல்லிச் செல்கின்றன. கம்மாணச்சேரி கைவினைஞரின் குடியிருப்பு. கொங்கு நாட்டுக் கல்வெட்டு ஒன்று இன்னும் வெளிப்படையானது. கம்மாளர்கள் தங்கள் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், காலில் செருப்பு அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அரசன் அனுமதி தருகிறான். கட்டும் தொழிலைச் சேர்ந்த குலத்தார் தங்கள் சொந்தச் சுவரில் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது. பெருந்தச்சனுக்குக் கல்லில் பெயர் கொடுத்த நாட்டில் கம்மாளரின் நிலையே இதுவென்றால், அவர்களுக்குக் கீழே கூடை சுமந்தவர்களின் சுவர்களைப் பற்றி எழுத எந்த அரசனுக்கும் அவசியம் ஏற்படவில்லை.

ஒன்றை மட்டும் அந்தக் கல்வெட்டுகளின் பக்கம் நின்று சொல்ல வேண்டும். ராஜராஜன் தன் கோயிலைத் தான் எடுத்ததாகச் சொல்லவில்லை, 'எடுப்பிச்ச' என்கிறான். பிறரைக் கொண்டு எடுக்கச் செய்த. செய்தவர் வேறு, செய்வித்தவர் வேறு என்பதை அன்றைய வினைச்சொல் ஒளிக்கவில்லை. இன்று நாம் "வீடு கட்டினேன்" என்கிறோம். அப்பா கட்டிய வீடு, மாமனார் கட்டிய வீடு. பணம் கட்டியவர் எல்லாம் சுவர் கட்டியவர் ஆகிவிட்டார். பள்ளிப் பாடத்தில் பிறவினை படித்த பிள்ளைகளுக்கும் "கட்டுவித்தேன்" என்று வாயில் வருவதில்லை.

சொல் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். கூலியைக் குறைக்கும். 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், 'ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை' செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்றது. திறன், முயற்சி, பொறுப்பு மூன்றும் சமமா என்று பார்க்க வேண்டும். கட்டட இடத்தில் இந்தச் சட்டம் நுழையும்போது அங்கே ஏற்கெனவே இரண்டு பெயர்கள் காத்துக்கொண்டிருக்கின்றன. கலவை போடுபவர் பெரியாள், அதைச் சுமந்து ஏறுபவர் சித்தாள். வேலை வேறு, பெயர் வேறு, ஆகவே கூலி வேறு. சட்டம் மீறப்படவே இல்லை. பெரியாள் இல்லாத நாளில் கலவையையும் அந்தப் பெண்ணே போடுவார். அன்றும் நோட்டில் அவர் பெயருக்கு நேரே சித்தாள் கூலிதான் விழும்.

இந்தத் தந்திரம் கட்டடத் தொழிலுக்கு மட்டும் உரியதல்ல. மெக்கின்னன் மெக்கென்சி நிறுவனத்துக்கு எதிராக ஆட்ரி டி'கோஸ்டா என்ற சுருக்கெழுத்தர் நடத்திய வழக்கில் 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண் சுருக்கெழுத்தர்களைவிடக் குறைந்த சம்பளம் ஏன் என்பதற்கு நிறுவனம் சொன்ன காரணங்களில் ஒன்று, இவர்கள் 'அந்தரங்கப் பெண் சுருக்கெழுத்தர்கள்' என்ற தனிப் பிரிவு, அந்தப் பிரிவில் ஆண்களே இல்லை என்பது. ஆண்கள் இல்லாத ஒரு பிரிவை உண்டாக்கிவிட்டால் ஒப்பிட ஆளில்லை. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெயரைப் பார்க்காதே, வேலையைப் பார் என்பதுதான் தீர்ப்பின் சாரம். அந்த அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் இருந்தது, தட்டச்சு செய்த தாள்கள் இருந்தன. சித்தாளுக்கு எது சாட்சி? இப்போது 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தின் மூன்று அளவுகோல்களோடு 'அனுபவம்' என்ற நான்காவதையும் சேர்த்திருக்கிறது. நாற்பது வருடம் சித்தாளாக இருந்தவரின் அனுபவம் எந்தக் கணக்கில் வரும் என்பதை இனிதான் பார்க்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்பு தானாக வந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் விடாமல் கேட்டதன் தொடர்ச்சியாக 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் வந்தன. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் 1985-இல் அமைந்த தேசியப் பிரச்சாரக் குழு பதினோரு ஆண்டுகள் உழைத்த பிறகு 1996-இல் மத்தியச் சட்டம் வந்தது. ஊர்வலங்களிலும் மனுக்களிலும் பெண்கள் பெருந்திரளாக நின்றார்கள். அந்தச் சட்டத்தில் அவர்களுக்காக ஒரு நல்ல பிரிவு இருந்தது: ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும். நம் தெருக்களில் எழும் கட்டடங்களில் எத்தனையில் ஐம்பது பெண்கள் இருப்பார்கள்? மணல் குவியலின் ஓரத்தில் சவுக்குக் கம்பில் சேலைத் தூளி தொங்குவது இதனால்தான். கழிப்பறை கட்டாயம் என்றும் அதே சட்டம் சொன்னது. ஒரு வீட்டுக்கு மூன்று குளியலறை கட்டும் பெண்கள் அந்தக் கட்டடம் முடியும்வரை பகலில் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கழிப்பறை வந்துவிட்டதால் கழிவுநீர் போகும் வழியின் சொற்களையும் பார்த்துவிட வேண்டும். ஒரு வீட்டுக்குள் தண்ணீர் வரும் வழியை மட்டுமல்ல, அழுக்காகி வெளியேறும் வழியையும் அன்றாடம் கையாள்பவர்கள் பெண்கள். அங்கணம் என்பது மிகப் பழைய சொல். அவையறிதல் அதிகாரத்தில் திருவள்ளுவர் அதை உவமையாக எடுத்தாள்கிறார். தகுதியற்ற அவையில் பேசுவதற்கு அந்த அசுத்தமான இடம் ஒப்பாகிறது. தென்மாவட்டங்களில் அங்கணக்குழி என்று இன்றும் சொல்வார்கள், அடுக்களையில் பாத்திரம் கழுவித் தண்ணீர் விடும் இடத்துக்கு. புலவர்களுக்கு உவமை, பெண்களுக்குப் பாதி நாள் குந்தியிருக்கும் இடம். சிலப்பதிகாரத்து மதுரையில் வரும் சுருங்கை என்ற சொல்லைக் கிரேக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். யானை போகும் அளவுக்கு அகலமான கரந்துபடை வழி அது. நகரத்தின் நிலத்தடி வழி காப்பியத்தில் ஏறிற்று. வீட்டின் அங்கணம் அழுக்குக்கு உவமையாகவே நின்றுவிட்டது.

கக்கூஸ் டச்சுச் சொல், 'கக்ஹௌஸ்'. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இலங்கைக் கரையோரத்திலும் டச்சுக்காரர்கள் விட்டுச்சென்றது. சிங்களத்திலும் அது உண்டு. 2017-இல் திவ்யபாரதி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தச் சொல்தான் பெயர். ஆனால் இதற்கு முன்னால் ஒட்டிக்கொண்ட தமிழ்ச் சொல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: எடுப்புக் கக்கூஸ். எடுப்பு. யார் எடுப்பது? சொல்லில் எழுவாயே இல்லை. மலம் தானாகவே எடுபட்டுப் போவதுபோல ஒலிக்கிறது. கோயிலை 'எடுப்பிச்ச' அதே வினைதான் இது. அங்கே எடுப்பித்தவன் பெயர் இருக்கிறது, எடுத்தவர் பெயர் இல்லை. இங்கே இரண்டுமே இல்லை. வீட்டின் பின்புறம் அதற்கென்று ஒரு தனிச் சந்து, சுவரில் சிறு திறப்பு, தகடு, வாளி, கூடை. எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், தலித் பெண்கள். தலையில் அதே சும்மாடு. கட்டட வேலைக்கும் மல வேலைக்கும் ஒரே துணிச் சுருள்.

1993-இல் ஒரு சட்டம் உலர் கழிப்பறையைத் தடை செய்தது. அது போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம் வந்தது. கூடை குறைந்தது, குழி கூடியது. பாதாள சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் இறந்தால் நாளிதழ்த் தலைப்பு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: விஷவாயு தாக்கி இத்தனை பேர் பலி. இந்த வாக்கியத்தில் கொலையாளி வாயு. இறக்கிய ஒப்பந்தக்காரர் இலக்கணத்துக்கு வெளியே நிற்கிறார். 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தப் பணத்துக்கு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, கணவர் அந்தக் குழிக்குள்தான் இறந்தார் என்று நிரூபிக்கும் வேலை மனைவிக்கு. அந்த வேலைக்கும் பெயர் கிடையாது.

'மேன்ஹோல்' என்ற சொல்லில் ஆண் மட்டும் இருக்கிறான் என்று அமெரிக்காவின் பெர்க்லி நகராட்சி 2019-இல் அதைப் 'பராமரிப்புக் குழி' என்று மாற்றியது. செய்தி இங்கே வந்தபோது பலர் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை, அந்த ஊருக்கு அது சரியான மாற்றமாக இருக்கலாம். நம் ஊரில் அந்தச் சொல் வேறு விதமாக வலிக்கிறது: மனிதன் நுழையும் குழி என்பது இங்கே இன்னும் பொய்யாகவில்லை. 2023-24 மத்திய நிதிநிலை அறிக்கை 'மேன்ஹோல்' இனி 'மெஷின்ஹோல்' ஆகும் என்று அறிவித்தது. குழிக்குப் பெயர் முதலில் மாறியிருக்கிறது.

பெயர் மாறியதால் ஒன்றும் நடக்காது என்று நான் நினைக்கவில்லை. ஜார்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தில் லட்சக்கணக்கில் கழிப்பறை கட்ட வேண்டி வந்தபோது ஆண் கொத்தனார்கள் போதவில்லை. சுய உதவிக் குழுப் பெண்களுக்குக் கரணை பிடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். இந்தியில் கொத்தனாருக்கு ராஜ்மிஸ்திரி என்று பெயர். மிஸ்திரியும் நம் மேஸ்திரியின் உடன்பிறப்புதான். அந்தப் பெண்களுக்கு 'ராணி மிஸ்திரி' என்று பெயர் வந்தது. கப்பலில் விட்டுவந்த பெண்பால் நானூறு ஆண்டுக்குப் பின் வேறு வழியில் கரையேறியிருக்கிறது. ஆள் பற்றாத நேரத்தில், அதுவும் கழிப்பறை கட்டத்தான், அந்தக் கதவு திறந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழில் இன்னும் சொல் கிடைக்கவில்லை. கொத்தனாரம்மா என்றால் கொத்தனாரின் மனைவி. பெண் கொத்தனார் என்றால் கொத்தனார் ஆண் என்பது உறுதியாகிறது.

ராணி மிஸ்திரிகள் கட்டியவற்றில் இரட்டைக் குழிக் கழிப்பறைகள் நிறைய. இரண்டு குழி தோண்டி, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்படி இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்க வேண்டும். கழிப்பறையிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு தொட்டியில் இரண்டாகப் பிரியும். ஒரு வழியை அடைத்துவிட்டு மற்றக் குழியை மட்டும் பயன்படுத்துவார்கள். அது நிறைந்ததும் அடைப்பை இந்தப் பக்கம் மாற்றுவார்கள். நிறைந்த குழியை ஒன்றரை, இரண்டு ஆண்டு மூடி வைத்தால் உள்ளே இருப்பது நாற்றமில்லாமல் மக்கி உலர்ந்த எருவாகியிருக்கும். வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளி வயலில் போடலாம். சுவரில் சிறு திறப்பு வேண்டாம், பின்புறச் சந்து வேண்டாம், யாரும் கூடையோடு வர வேண்டாம். செங்கற்களுக்கு நடுவே எங்கே இடைவெளி விட வேண்டும், எங்கே விடக் கூடாது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும்.